மேலேயிருந்து மூன்று தட்டு

மணி நாலு நாற்பது. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. ரோட்டுக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஈ காக்கை இல்லை. ஓரமாக ஒரு பழைய வீட்டு வண்டி நிற்கிறது. பஸ்ஸைவிடக் கொஞ்சம் சின்னது. உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை என்று ஒரு குடித்தனத்தையே அடக்கி வைத்திருக்கிற வண்டி. அதற்குள்ளிருந்து ஒரே ஒரு சத்தம்...

ஊய்ய்ய்ங்.

நிற்கிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும்...

ஊய்ய்ய்ங்.

பயப்படாதீர்கள், இது பேய் இல்லை. பேய் பிறகு வரும். இது வண்டியின் ஸ்டார்ட்டர். சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுழற்றிவிட்டு எழுப்புகிற மோட்டார். அன்றைக்கு அது கத்தியதே தவிர எழுப்பவில்லை.

நம் டீக்கடைக்கு வருகிற டிரைவர் இருக்கிறானே, அவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது இது. டிரைவர் வாயைத் திறந்தால் பாதி புளுகு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவன் யார் முகத்தையும் பார்க்கமாட்டான். கையிலிருக்கும் டம்ளரையே பார்த்துக்கொண்டு சொல்வான்.

சித்தப்பா மெக்கானிக். நாற்பது வருஷ மெக்கானிக். எவனுக்கும் பிடிபடாத எஞ்சின் கோளாறை, வண்டி ஷெட்டுக்குள் நுழையும்போதே காதால் கேட்டுச் சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் அன்று சொந்த வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பித் திருப்பி... பின்னால் கட்டிலில் சித்தி. நெஞ்சில் கை. நெற்றியெல்லாம் வியர்வை. தேய்த்த தைலத்தின் வாசனை வண்டி முழுக்க. போனில் சிக்னல் இல்லை. ஆஸ்பத்திரி முப்பது கிலோமீட்டர். எஞ்சின் பிடித்தால் அரை மணி நேரம்.

ஊய்ய்ய்ங்... ஊய்ய்ய்ங்...

"விடுங்க," என்றாள் சித்தி. "அதுவும் எவ்வளவு நேரந்தான் கத்தும். பாவம், தொண்டை கட்டிக்கப் போகுது."

அந்த நேரத்திலும் அவளுக்கு விளையாட்டு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரே தடவை, இன்னும் ஒரே தடவை என்று திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் பேட்டரி இறங்கிப் போய், 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த அமைதியில்தான் தெரிந்தது... பின்னால் மூச்சுச் சத்தமும் இல்லை.

ஆறு மணிக்கு ஒரு லாரி வந்தது. இரண்டையும் அதுதான் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. வண்டியையும், வண்டிக்குள் இருந்தவளையும்.

இப்போது ஒரு விஷயம் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் மிச்சம் புரியாது.

ஸ்டார்ட்டர் கோளாறை ஒற்றை ஆளாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒருவர் மேலே உட்கார்ந்து சாவி திருப்ப வேண்டும். ஒருவர் வண்டிக்கடியில் படுத்துக் காது கொடுக்க வேண்டும். கீழேயிருந்து கூப்பிட்டால் மேலே கேட்காது. அதனால் இவர்கள் இரண்டு பேருக்குள் ஒரு பாஷை. சித்தப்பா ஸ்பேனரால் வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால்... திருப்பு. இரண்டு தட்டு... நிறுத்து. மூன்று தட்டு மட்டும் மேலேயிருந்து வரும். சித்தி குதிகாலால் தரையில் வைப்பாள். டொக், டொக், டொக். போதும், வெளியே வாங்க, சாப்பாடு ஆறிப்போகுது.

முப்பது வருஷம் இப்படி. ஷெட்டுக்கு வந்த வண்டி எதுவானாலும் மேலே சித்திதான். அவள் உள்ளே நடந்தால் ஸ்பிரிங் பட்டை 'க்றீச்' என்று முனகும். அதை வைத்தே அவள் எங்கே நிற்கிறாள் என்று கீழே படுத்தபடி சொல்லுவார் சித்தப்பா. "எடை கூடிட்டே வருது, மேடம்" என்று சேர்த்துக்கொள்ளவும் செய்வார். அதற்கும் ஒரு குதிகால் விழும். அது கணக்கில் சேராது.

இன்னொன்று. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

கனத்த சத்தமெல்லாம் கேட்கும். கீச்சுச் சத்தம்தான் முதலில் போயிற்று. குக்கர் விசில். போன் மணி. நாற்பது வருஷம் ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்தால் வேறு என்ன ஆகும்? காதை வைத்துப் பிழைக்கிறவன், காது கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வான்? சித்திக்கு மட்டும் தெரியும். தெரியும் என்று அவளும் காட்டிக்கொண்டதில்லை.

அவள் போவதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் அந்த வீட்டு வண்டியின் ஸ்டார்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, இரண்டு பேருமாக ஊர் ஊராகச் சுற்றலாம் என்று வாங்கின வண்டி. பழசு. கீச்சிடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

விஷயம் சின்னதுதான். ஸ்டார்ட்டரின் நுனியில் ஒரு குட்டிப் பல்சக்கரம் இருக்கும். சாவி திருப்பினால் அது பாய்ந்து போய் எஞ்சினின் பெரிய சக்கரத்தைக் கடித்துச் சுழற்றும். எஞ்சின் பிடித்ததும் விட்டுவிடும். இரண்டு பல்லுக்கும் நடுவில் ஒரு ஜெம் கிளிப் கம்பி நுழைகிற இடைவெளி வேண்டும். எஞ்சின் பிடிப்பதற்கு முன் கீச்சிட்டால் இடைவெளி அதிகம். பிடித்த பின் கீச்சிட்டால் இடைவெளி பத்தவில்லை. அதற்காக ஸ்டார்ட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஷிம் என்று ஒரு தகடு வைப்பார்கள். தூரமாக இருந்தால் தகட்டை எடு. நெருக்கமாக இருந்தால் இன்னொன்று போடு. முன்னாலா பின்னாலா என்று காதால் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"பிடிக்கறதுக்கு முன்னாடிதான் கத்துது," என்றாள் சித்தி.

"பிடிச்ச பிறகு."

"சாவி திருப்பறது நானா நீங்களா? முன்னாடிதாங்க."

"நாப்பது வருஷமா மெக்கானிக் நானா நீயா?"

சித்தி சிரித்தாள். "முன்னாடி கத்தினா தூரம். பிறகு கத்தினா நெருக்கம். கல்யாணக் கதை மாதிரி இருக்கு."

வேறு நாளாயிருந்தால் அவரும் சிரித்திருப்பார். அன்று ஷெட்டில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "வந்துட்டா எனக்குச் சொல்லிக் குடுக்க. வாய மூடிட்டு உள்ள போ."

போனாள்.

மேலே சாவி திருப்ப ஆள் இல்லாமல், அவர் தனியாகப் படுத்து இன்னொரு தகட்டைப் போட்டு முறுக்கினார். கேட்டுப் பார்க்காமல் முறுக்காதே என்று அவரேதான் ஷெட்டில் எல்லோருக்கும் சொல்லுவார். வேலை முடிந்து வந்து, "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னா சரிதான்," என்றாள் சித்தி.

அவள் சொன்னது நிஜமென்றால், ஏற்கெனவே தூரமாக இருந்த பல்லை அவர் இன்னும் தள்ளி வைத்துவிட்டார். அது கடிக்க முடியாமல் வெறுமனே நுனியில் உரசிக் கத்தியிருக்கிறது. அப்படியென்றால் அந்த ரோட்டில் சித்தி செத்தது அந்தத் தகட்டால். அவர் சொன்னது நிஜமென்றால், பழைய வண்டி, விதி, யார் என்ன செய்ய முடியும். அன்று ரோட்டில் அவர் காதுக்கு எட்டியது வெறும் உறுமல்தான். ஸ்டார்ட்டர் சத்தத்தை ஒரு தடவை சரியாகக் கேட்டால் தெரிந்துவிடும்.

அதனால்தான் பதினொரு மாதம் அவர் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை.

மகள்தான் போன் பண்ணினாள். "அப்பா, எத்தன நாளைக்கு அதக் கட்டிக்கிட்டு அழுவீங்க? ஒரு குடும்பம் கேக்கறாங்க, நாளைக்கு வந்து பாக்கறாங்க. ஸ்டார்ட் ஆனாப் போதுமாம். குடுத்துடுங்கப்பா."

"சரிம்மா," என்றார். டிரைவரை அழைத்து, காலையில் ஏழு மணிக்கு வந்து கூட நிற்கச் சொன்னார். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போனார்.

வெளியே மழை. சாரல் அடிக்கிறது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டார். கைவிளக்கு. ஸ்பேனர் இரண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவர். சக்கரம் வைத்த பலகையில் மல்லாக்கப் படுத்து, காலால் உந்தி வண்டிக்கடியில் போனார். துரு வாசனை. பழைய ஆயில் வாசனை. முகத்துக்கு நேர் மேலே ஸ்டார்ட்டர். கழற்றி, தகட்டை எடுத்து, இடைவெளியை அளந்துவிட்டுப் போகலாம்... அவ்வளவுதான் எண்ணம்.

கை எழும்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாரோ. பழக்க தோஷம். முப்பது வருஷப் பழக்கம். யோசிக்காமலே ஸ்பேனரை எடுத்துச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார்.

டங்.

தட்டின பிறகுதான் உறைத்தது. மேலே யார் இருக்கிறார்கள் என்று தட்டுகிறோம்...

க்றீச்.

பின்பக்கம். கட்டில் இருக்கும் இடத்தில். ஸ்பிரிங் பட்டை முனகியது.

க்றீச்... நடுவில். அடுப்பு இருக்கும் இடம்.

க்றீச்... முன்னால். சீட்.

வண்டி ஒரு விரல்கடை அமுங்கியது. ஒரு ஆள் உட்கார்ந்தால் அமுங்கும் அளவு. துரு வாசனையோடு இன்னொரு வாசனையும் இறங்கி வந்தது. தைலம்.

சித்தப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி பைக்குள்தான் இருந்தது.

முகத்துக்கு மேலே ஸ்டார்ட்டர் சுழன்றது.

பயந்தாரா என்று டிரைவர் ஒருமுறை கேட்டானாம். "பயமா? எங்க கேக்காமப் போயிடுமோன்னுதான்டா பயம்" என்றாராம். வெறும் காதுக்கு அவருக்கு ஒரு உறுமல் மட்டும்தான் கேட்டது. அவசரமாக அந்த நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை ஸ்டார்ட்டரில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். காது போனாலும் எலும்பு கேட்கும்.

ஊய்ய்ய்ங்.

முன்னால். எஞ்சின் பிடிப்பதற்கு முன்னால். சந்தேகத்துக்கே இடமில்லை. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இரண்டு தட்டு தட்டினார். உடனே நின்றது. எப்போதும் போல, சொன்ன உடனே.

"நீ சொன்னதுதான் சரி," என்றார் இருட்டைப் பார்த்து. "முன்னாடிதான்."

மழைச் சத்தம் மட்டும். மேலே இருந்த கனம் எழுந்திருக்கவில்லை. காத்திருந்தது.

அவர் வேலையை ஆரம்பித்தார். இரண்டு போல்ட்டு. துருப் பிடித்து இறுகியிருந்தன. ஸ்டார்ட்டரைக் கழற்றி நெஞ்சில் வாங்கினார். ஒரு முழுப் பூசணிக்காய் கனம் அது. நடுவில் இரண்டு தகடு. ஒன்று கம்பெனி போட்ட மெல்லிசுத் தகடு. இன்னொன்று அவர் போட்டது, தடித்த தகடு. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கால் விரல் நகம் கனம்கூட இருக்காது. இதற்காகவா... அப்படியே அதை நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். ஒரு வார்த்தை. அன்றைக்கு அவளை உட்கார வைத்து ஒரு தரம் சாவி திருப்பச் சொல்லியிருந்தால்.

தகட்டைத் தட்டத்தில் போட்டார். ஸ்டார்ட்டரைத் திரும்ப ஏற்றி, ஜெம் கிளிப்பை நிமிர்த்திப் பல்லுக்கு நடுவே விட்டுப் பார்த்தார். அளவெடுத்த மாதிரி கம்பி நின்றது. முறுக்கினார். ஸ்பேனர் இரண்டு தரம் நழுவி முகத்தில் விழுந்தது.

டங்.

க்ர்ர்... டும்.

ஒரே சுற்று. ஒரு கீச்சு இல்லை. பதினொரு மாதம் செத்துக் கிடந்த எஞ்சின், தூங்கி எழுந்தது போல ஓட ஆரம்பித்தது.

வேலை முடிந்தது. இனி இரண்டு தட்டு தட்டவேண்டும். தட்டினால் அவள் நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் எழுந்து போய்விடுவாள்.

சித்தப்பா ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டார்.

அந்த வண்டியின் புகைக்குழாயில் ஓட்டை இருந்தது. ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. புகை போக வழியில்லை. முதலில் கண் எரிந்தது. அப்புறம் எரியவில்லை. தலை லேசானது. கைவிளக்கைச் சுற்றி வெளிச்சம் பஞ்சு மாதிரி ஆனது. அவருக்கு எல்லாம் தெரியும். மெக்கானிக் இல்லையா? தெரிந்துதான் கிடந்தார். மேலே அவள், கீழே அவர். இதைவிட என்ன வேண்டும்?

டொக். டொக். டொக்.

குதிகால். வெளியே வாங்க.

"இருக்கட்டும்," என்றார்.

டொக். டொக். டொக்.

"நான் வரல. இங்கயே இருக்கேன்."

டொக்! டொக்! டொக்! தரை அதிர்ந்து துரு உதிர்ந்து அவர் கண்ணில் விழுந்தது. கோபம் வந்தால் சித்தி அப்படித்தான் வைப்பாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எஞ்சின் நின்றது.

அவர் தட்டவில்லை. முப்பது வருஷத்தில் அவர் இரண்டு தட்டு தட்டாமல் அவள் நிறுத்தியதே இல்லை. அன்று முதல் தடவையாக, தானாக நிறுத்தினாள். ஸ்பிரிங் பட்டை ஒரு தரம் முனகியது. வண்டி ஒரு விரல்கடை உயர்ந்தது. ஷட்டருக்கடியில் மழைக்காற்று வந்தது. தைல வாசனை போய்விட்டது.

காலையில் டிரைவர் தோளில் புது பேட்டரியைச் சுமந்துகொண்டு வந்தான். சித்தப்பா ஷட்டருக்கு வெளியே, நனைந்துபோய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி.

"என்ன சித்தப்பா, ராத்திரியே ஆரம்பிச்சுட்டீங்களா?"

"என்னது இது?"

"பேட்டரி. பழசத்தான் நான் ஆறு மாசத்துக்கு முன்னாடியே கழட்டிட்டுப் போயிட்டேனே. உங்ககிட்ட சொல்லல?"

சித்தப்பா அவனையே பார்த்தார். டிரைவர் போய் வண்டியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். உள்ளே காலி. இரண்டு கேபிளும் துணி சுற்றியபடி கிடந்தன. ஒரு கேபிளிலிருந்து இன்னொரு கேபிளுக்கு ஒரு சிலந்தி வலை. ஒரு இழை அறுந்திருக்கவில்லை.

எஞ்சினில் கையை வைத்தான். சூடு.

அவன் புது பேட்டரியை மாட்டி, சாவியை வாங்கித் திருப்பினான். ஒரே சுற்றில் பிடித்தது.

"கத்துச்சா?" என்று வெளியேயிருந்து கேட்டார் சித்தப்பா. "பிடிக்கறதுக்கு முன்னாடி... கத்துச்சா?"

"இல்ல சித்தப்பா. சுத்தமா இருக்கு. எல்லாம் சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சா," என்றார் அவர். அதுவரை அழாத மனிதர். "அப்ப இனிமே அவ எதுக்குடா வருவா?"

அந்தக் குடும்பம் வந்தது. வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வருஷம் கழித்து டிரைவர் ஒரு ஜாக்கி வாங்க ஷெட்டுக்குப் போனான். சாயங்காலம். அதற்குள் சித்தப்பாவுக்குக் காது முழுக்கப் போய்விட்டது. கனத்த சத்தமும் கேட்காது. எதிரில் நின்று கையைக் காட்டித்தான் பேசவேண்டும். ஷட்டர் பாதி திறந்திருந்தது. வீட்டு வண்டிக்கடியிலிருந்து அவருடைய இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவன் கொண்டுவந்து மாட்டின பேட்டரி கழற்றப்பட்டு, சுவரோரமாகத் தரையில் இருந்தது. அந்தத் தடித்த தகட்டை அவர் ஒரு ஆணியில் மாட்டி வைத்திருப்பார். ஆணி காலியாக இருந்தது.

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே தப்பாக மாட்டிவிட்டுக் கிடக்கிறார்.

டங். ஒரு தட்டு.

சித்தப்பா காத்திருந்தார். போய்க் காலைத் தொட்டு எழுப்பி, வாங்க சித்தப்பா, டீ சாப்பிடலாம் என்று கூட்டிப்போகலாம் என்று டிரைவர் ஒரு அடி எடுத்து வைத்தான்.

க்றீச்.

டொக். டொக். டொக்.

அவன் அப்படியே நின்றான்.

சித்தப்பா அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஒரு தட்டு.

டொக். டொக். டொக். மெதுவாக. கெஞ்சுகிற மாதிரி.

இந்தத் தடவை வண்டி அமுங்கவில்லை, தைல வாசனையும் இல்லை. அவருக்குக் கேட்கவில்லை. ஒரு தட்டு. காத்திருந்தார். மேலேயிருந்து மூன்று. மறுபடி ஒரு தட்டு. மறுபடி மூன்று...

டிரைவர் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவள் வருகிறாள் என்று தெரிந்தால், அந்த மனுஷன் வண்டிக்கடியிலிருந்து வெளியே வரவேமாட்டார்.

அன்று அவன் ஷட்டரைக் கீழே இறக்கிவிட்டு வந்தானாம். சத்தமே வராமல், அங்குலம் அங்குலமாக. காதே கேட்காத மனிதருக்காக எதற்குடா அவ்வளவு மெதுவாக இறக்கினாய் என்று யாரோ கேட்டார்கள்.

டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவருக்காக இல்ல."